ரத்தக் கல்ச்சரில் ஈஸ்ட்: முதல் போனிலிருந்து பதினான்காம் நாள் வரை

ராத்திரி பதினொன்றரை. ஐசியூ போன் அடிக்கிறது. மைக்ரோ லேப் டெக்னீஷியன்.

"மேடம், ஆறாம் பெட் பிளட் கல்ச்சர் பாட்டில் பீப் அடிச்சிருக்கு. கிராம் ஸ்டெயின் போட்டுப் பார்த்தேன். பட்டிங் ஈஸ்ட் செல்ஸ் தெரியுது."

"எத்தனை பாட்டில்ல?"

"ஒண்ணுலதான் மேடம்."

"அப்போ கன்டாமினேஷனா இருக்குமோ?"

எம்.டி. முதலாண்டில் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். தோலில் வாழும் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஒரே ஒரு பாட்டிலில் வந்தால், ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வந்ததோ என்று சந்தேகப்பட இடமுண்டு. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு பாட்டிலில், ஒரே ஒரு முறை முளைத்தாலும் அது தொற்றுதான். மருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்பதெல்லாம் காத்திருக்கக் காரணம் ஆகாது.

ஐசியூவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிஜிக்கள், டியூட்டி டாக்டர்கள், நர்ஸ்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கையில் வைத்துக்கொள்ள இரண்டு கைடுலைன்கள் உண்டு. ஒன்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2016-இல் வெளியிட்டது. இன்னொன்று ஐரோப்பிய மருத்துவப் பூஞ்சையியல் கூட்டமைப்பு மற்ற சங்கங்களோடு சேர்ந்து 2025-இல் கொண்டுவந்த உலகளாவிய கைடுலைன். இரண்டும் நீளம். ஆனால் நடுராத்திரியில் தேவைப்படும் பகுதி ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், அதில் புரியாதது எதுவும் இல்லை. மருந்தின் பெயர் தெரியாமல் கெட்டுப்போன கேஸை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் கல்ச்சரை யார் எடுப்பது என்று யாரும் எழுதி வைக்காததால் கெட்டுப்போனவை நிறைய.

இங்கே வரும் டோஸ்கள் பெரியவர்களுக்கானவை. சீனியரைக் கேட்காமல் தொடங்குவதற்கு இந்தக் கட்டுரையை அனுமதிச் சீட்டாகக் காட்டாதீர்கள்.

போனை வைப்பதற்கு முன்

டெக்னீஷியனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ரத்தம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது? கையிலிருந்தா, சென்ட்ரல் லைனிலிருந்தா (பெரிய ரத்தக்குழாயில் செருகி வைத்த குழாய்)? கிராம் ஸ்லைடில் செல்லைச் சுற்றி வெற்று வளையம் மாதிரி ஏதாவது தெரிகிறதா?

முதல் கேள்வி ஏன் என்றால், உங்களுக்குச் செய்தி வரும்போதே நேரம் ஓடிவிட்டது. கேண்டிடா பாட்டிலில் முளைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். 2006-இல் அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் 230 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கல்ச்சர் எடுத்த அன்றே ஃப்ளூகோனசோல் (அசோல் வகைப் பூஞ்சை மருந்து) ஆரம்பித்தவர்களில் இறந்தவர்கள் 15%. மறுநாள் ஆரம்பித்தவர்களில் 24%. மூன்று நாளோ அதற்கு மேலோ கழித்து ஆரம்பித்தவர்களில் 41%. ஆகவே "காலையில் ரவுண்ட்ஸில் சொல்லிக்கொள்ளலாம்" என்ற பேச்சே வேண்டாம். கன்சல்டன்ட் தூங்கினாலும் எழுப்புங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் தெரியும் ஈஸ்ட் எல்லாம் கேண்டிடா இல்லை. எச்ஐவி உள்ளவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், தலைவலியும் குழப்பமுமாக வந்தவர் என்றால் கிரிப்டோகாக்கஸ் என்ற வேறு ஈஸ்டாக இருக்கலாம். அந்த வெற்று வளையம் அதன் அடையாளம். நாம் முதலில் கை வைக்கப்போகும் எக்கினோகேன்டின் வகைப் பூஞ்சை மருந்துகள் கிரிப்டோகாக்கஸை ஒன்றும் செய்யாது. டிரைக்கோஸ்போரானும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் அனுப்புங்கள், ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைப் பற்றிச் சீனியரிடம் பேசுங்கள்.

கேட்டதை எல்லாம் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டது கேஸ் ஷீட்டில் எழுதியதற்குச் சமம் ஆகாது.

மருந்துக்கு முன் இன்னொரு முறை ரத்தம்

முதல் டோஸ் ஏறுவதற்கு முன் மறுபடியும் கல்ச்சர் எடுங்கள். இரண்டு செட் (செட்டுக்கு இரண்டு பாட்டில்), இரண்டு வேறு இடங்களிலிருந்து, பாட்டிலுக்கு 10 மி.லி. வீதம் மொத்தம் 40 மி.லி. நம்மூரில் ஒரே கையிலிருந்து 5 மி.லி. எடுத்து ஒரே பாட்டிலில் விட்டு அனுப்புவது சகஜம். ஏற்கனவே உடலுக்குள் ஊடுருவிய கேண்டிடா தொற்றுகளில் சுமார் பாதிதான் ரத்தக் கல்ச்சரில் பிடிபடுகிறது. ரத்த அளவையும் குறைத்தால் அதுவும் நழுவும். "இவ்வளவு ரத்தமா எடுக்கறீங்க?" என்று பக்கத்தில் நிற்கும் உறவினர் கேட்பார். எட்டு டீஸ்பூன்தான் அம்மா என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

இதற்காக மருந்தை மட்டும் தாமதப்படுத்தாதீர்கள். நரம்பு கிடைக்கவில்லை என்று ஒன்றரை மணி நேரம் குத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

முதல் டோஸ்

முதல் மருந்து எக்கினோகேன்டின். இரண்டு கைடுலைன்களுக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. 7 மருத்துவ ஆய்வுகளில் சேர்ந்த 1,915 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2012-இல் அலசியபோது, உயிர் பிழைப்பதோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்த சிகிச்சை அம்சங்கள் இரண்டு: எக்கினோகேன்டின் கொடுத்தது, சென்ட்ரல் லைனை எடுத்தது.

காஸ்போஃபன்ஜின் என்றால் முதல் நாள் 70 மி.கி., அடுத்த நாளிலிருந்து 50 மி.கி. மைகாஃபன்ஜின் தினம் 100 மி.கி., லோடிங் கிடையாது. அனிடுலாஃபன்ஜின் முதல் நாள் 200, பிறகு 100 மி.கி. மூன்றில் எது ஸ்டோரில் இருக்கிறதோ அதைக் கொடுங்கள், எதுவும் மற்றொன்றுக்குக் குறைந்ததல்ல. கிட்னி பாதிப்புக்காக இவற்றின் டோஸைக் குறைக்க வேண்டியதில்லை. லிவர் நடுத்தர அளவில் கெட்டிருந்தால் காஸ்போஃபன்ஜினை மட்டும் இரண்டாம் நாளிலிருந்து 35 மி.கி.யாகக் குறைப்பார்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயம். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், காஸ்போஃபன்ஜின் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சிஸ்டர் 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் மருந்தைக் கலந்து ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தார். காஸ்போஃபன்ஜின் டெக்ஸ்ட்ரோஸில் நிலைக்காது, நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். தப்பு சிஸ்டருடையது அல்ல. முந்தின வாரம் பக்கத்து பெட்டுக்கு ஆம்போடெரிசின் போட்டிருந்தோம். அதற்கு நேர்மாறு: டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைன் பட்டால் திரிந்துவிடும். "பூஞ்சை மருந்து என்றால் டெக்ஸ்ட்ரோஸ்" என்று அவர் மனதில் பதிந்திருந்தது. நான் ஆர்டரில் "காஸ்போ 70 ஐவி ஸ்டாட்" என்று மட்டும் கிறுக்கியிருந்தேன். எதில் கலப்பது, எத்தனை மணி நேரம் ஏற்றுவது என்பதையும் எழுதியிருந்தால் ஒரு வயல் வீணாகியிருக்காது. "250 மி.லி. நார்மல் சலைனில், ஒரு மணி நேரத்துக்கு" என்று எழுத பத்து வினாடி ஆகும்.

அனிடுலாஃபன்ஜினை அவசரமாக ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு 1.1 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, அதனால் முதல் டோஸுக்கே மூன்று மணி நேரம் பிடிக்கும்.

எக்கினோகேன்டின் கைக்கு வராத இடங்களும் உண்டு. அங்கே இருப்பது ஃப்ளூகோனசோல், பழைய வகை ஆம்போடெரிசின். நோயாளி ஓரளவு நன்றாக இருக்கிறார், பிரஷர் விழவில்லை, சமீபத்தில் அசோல் மருந்து சாப்பிட்டதில்லை என்றால் ஃப்ளூகோனசோலில் தொடங்குவதைக் கைடுலைனே அனுமதிக்கிறது. ஆனால் லோடிங் டோஸ் 800 மி.கி., அதாவது கிலோவுக்கு 12 மி.கி. அடுத்த நாளிலிருந்து 400. வார்டில் நான் பார்ப்பது "ஃப்ளூகோனசோல் 150 ஓடி", அதாவது தினம் ஒரு வேளை. அது பெண்ணுறுப்புப் பூஞ்சைக்கு ஒரு வேளை கொடுக்கும் மாத்திரை, ரத்தத் தொற்றுக்கு அல்ல. க்ரியேட்டினின் ஏறியிருந்தாலும் முதல் டோஸைக் குறைக்காதீர்கள். குறைப்பது இரண்டாம் நாளிலிருந்து.

ஆம்போடெரிசினில் ஓர் ஆபத்து இருக்கிறது. லிப்போசோமல் வகைக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. பழைய டீஆக்ஸிகோலேட் வகைக்கு 1 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஆர்டரில் வெறும் "ஆம்போ-பி 250 மி.கி." என்று எழுதி, ஸ்டோரிலிருந்து பழைய வகை வந்து, அதை அப்படியே ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். வகையின் பெயரை முழுசாக எழுதுங்கள். வயலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பழைய வகையைக் கொடுக்கும்போது முன்னாடியே சலைன் ஓட்டி, லைனை டெக்ஸ்ட்ரோஸால் அலசிவிட்டு மருந்தை ஏற்றுவார்கள். பொட்டாசியம், மெக்னீசியம், க்ரியேட்டினின் மூன்றையும் தினம் பார்க்க வேண்டும்.

லைன்

சென்ட்ரல் லைன் இருக்கிறதா? எடுங்கள். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், தவறினால் 72-க்குள்.

சொல்வது சுலபம். நோயாளி பிரஷரைத் தூக்கும் இரண்டு ஐனோட்ரோப் மருந்தில் ஓடிக்கொண்டிருப்பார், பிளேட்லெட் 30,000 இருக்கும், டயாலிசிஸுக்கு வேறு வழி இருக்காது. அப்போது "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதுதான் எல்லோருக்கும் சௌகரியம். பிளாஸ்டிக்கின் மேல் கேண்டிடா படலம் கட்டிக்கொண்டால் மருந்து உள்ளே இறங்குவது குறைவு. அந்தப் படலத்திலிருந்து பூஞ்சை திரும்பத் திரும்ப ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும். வேறு இடத்தில் புது லைன் போட்டுவிட்டுப் பழையதை எடுங்கள், பழைய லைனிலேயே கம்பி நுழைத்து மாற்றாதீர்கள்.

நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) அடிமட்டத்தில் இருக்கும் கேன்சர் நோயாளி மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே பூஞ்சை பெரும்பாலும் குடல் வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. ஆகவே லைனை எடுப்பதா வேண்டாமா என்பதை ஆன்காலஜியோடு பேசி ஆளுக்கு ஆள் முடிவு செய்ய வேண்டும்.

எந்த முடிவானாலும் எழுதுங்கள். "லைன் எடுக்கவில்லை, காரணம் இது, நாளை காலை 10 மணிக்கு மறுபரிசீலனை" என்று எழுதினால் நாளை 10 மணிக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தினம் ஒரு கல்ச்சர்

இந்தப் படியில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம்.

ரத்தம் சுத்தமாகும் வரை தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கல்ச்சர் எடுக்க வேண்டும். எதற்கு? 14 நாள் சிகிச்சை என்கிறோமே, அது மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த நாளிலிருந்து எண்ணுவது. இடையில் கல்ச்சரே எடுக்காவிட்டால் எண்ணத் தொடங்க நாளே கிடையாது.

ஓர் உதாரணம். 3-ஆம் தேதி ஈஸ்ட் முளைத்த செய்தி வந்தது, அன்றே மருந்து தொடங்கினீர்கள். 4, 5 தேதிகளில் எடுத்தவற்றிலும் முளைத்தது. 6-ஆம் தேதி எடுத்ததில் இல்லை, 7-இலும் இல்லை. உங்கள் கணக்கு 6-இலிருந்து, 20-ஆம் தேதி வரை. "நோ க்ரோத்" என்ற ரிப்போர்ட் கைக்கு வருவது 11-ஆம் தேதியாக இருக்கலாம், அது பரவாயில்லை. எண்ணுவது ரத்தம் எடுத்த தேதியை வைத்து. மருந்து தொடங்கிய நாளை வைத்து 17-ஆம் தேதியே நிறுத்தியிருந்தால் மூன்று நாள் குறைவு. அந்தக் குறை அன்றைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து முதுகுத்தண்டு வலியாகவோ, மங்கும் பார்வையாகவோ தெரிய வரலாம்.

நெகட்டிவ் ஒன்று வந்ததும் அடுத்த நாளும் ஒன்று எடுத்து உறுதி செய்துகொள்வது என் பழக்கம். நடுவில் ஒரு நாள் தப்பித்தவறி முளைக்காமல் போய், மறுநாள் திரும்ப முளைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் விலக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மாலையே சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் கல்ச்சர் ரிக்வெஸ்ட் எழுதி, பாட்டிலில் லேபிள் ஒட்டி, சிஸ்டர் ஸ்டேஷனில் வைத்துவிட்டுப் போங்கள். டியூட்டி மாறும்போது வாயால் சொன்னது காற்றோடு போகும், லேபிள் ஒட்டிய பாட்டில் மேஜை மேல் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்.

ஐந்து நாள் மருந்து ஏறியும் கல்ச்சர் பாசிட்டிவாகவே வந்தால், மருந்தை மாற்றும் முன் ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். லைன் இருந்த ரத்தக்குழாயில் கட்டி, இதய வால்வு, வயிற்றில் சீழ், பேஸ்மேக்கர், எடுக்க மறந்த இன்னொரு லைன். கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் தேடுங்கள். டயாலிசிஸ் கதீட்டரைச் சென்ட்ரல் லைன் கணக்கில் சேர்க்காமல் விட்ட கேஸ் ஷீட்டுகள் உண்டு.

பெயர் வந்த பிறகு

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, அது கேண்டிடாவில் எந்த இனம் என்று லேப் பெயரைச் சொல்லும். மால்டி-டாஃப் மெஷின் இருக்கும் இடத்தில் சீக்கிரமே வரும். இல்லாத இடத்திலும் ஜெர்ம் டியூப் டெஸ்ட் இருக்கிறது. சீரத்தில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் அல்பிகன்ஸ் வால் முளைத்த மாதிரி நீளும். குரோம் அகாரில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம்.

பாடப்புத்தகத்தில் அல்பிகன்ஸ்தான் முதலில் வரும். நம் நாட்டு ஐசியூவில் கதை வேறு. சண்டிகர் பிஜிஐயின் அருணாலோக் சக்ரவர்த்தி தலைமையில் இந்தியாவின் 27 ஐசியூக்களில் 2011-12-இல் 1,400 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் டிராபிகாலிஸ் 41.6%, எல்லாவற்றுக்கும் மேலே. ஐசியூவில் சேர்ந்து சராசரியாக எட்டாம் நாளிலேயே தொற்று வந்திருந்தது. ஆகவே "பத்து நாள்கூட ஆகவில்லையே, பூஞ்சையாக இருக்காது" என்று நினைக்காதீர்கள்.

பெயரைப் பார்த்ததும் யோசிக்க வேண்டியது: அல்பிகன்ஸ், டிராபிகாலிஸ் என்றால் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு மாறலாம், சென்சிடிவிட்டி (எந்த மருந்துக்கு அடங்கும் என்ற டெஸ்ட்) பார்த்துவிட்டு. க்ருசை என்றால் ஃப்ளூகோனசோலை மறந்துவிடுங்கள், அதற்குப் பிறவியிலேயே எதிர்ப்பு உண்டு. கிளாப்ராட்டா இழுபறி. சென்சிடிவிட்டி ரிப்போர்ட் இல்லாமல் மாறாதீர்கள், மாறினாலும் டோஸ் 800. பாராசிலோசிஸ் என்று வந்தால் கைகளைப் பாருங்கள், நம் கைகளை. நரம்பு வழி உணவுப் பையும் ஊழியர் கைகளும் அது பயணம் செய்யும் வழி. ஒரே வாரத்தில் இரண்டு பெட்டில் வந்தால் தொற்றுத் தடுப்பு நர்ஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

ரத்தத்திலிருந்து வந்த எந்தக் கேண்டிடாவுக்கும் அசோல் சென்சிடிவிட்டி கேளுங்கள். லேபில் வழக்கமாகப் போடுவதில்லை என்றால் வெளியே அனுப்பச் சொல்லுங்கள்.

ஆரிஸ் என்று வந்தால்

கேண்டிடா ஆரிஸை முதன்முதலில் விவரித்தது 2009-இல், ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து. ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. காதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அபாயகரமான முதல் பிரிவில் அது இருக்கிறது.

பழைய மெஷின்கள் இதை "ஹீமுலோனி" என்ற வேறு கேண்டிடா இனமாகத் தவறாகப் பெயர் சொல்வதுண்டு. ரத்தத்தில் ஹீமுலோனி என்று ரிப்போர்ட் வந்தால் லேபைக் கூப்பிட்டு, ஆரிஸ் இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள்.

பெரும்பாலான ஆரிஸ் ஃப்ளூகோனசோலுக்கு மசியாது. எக்கினோகேன்டினில் தொடங்கி, ஐந்து நாளுக்கு மேலும் ரத்தத்தில் நின்றால் லிப்போசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 5 மி.கி. இதுவரை சிகிச்சை. மற்ற பாதி சுவர், கட்டில், பிரஷர் கஃப் சம்பந்தப்பட்டது. தனி அறை, கவுன், கிளவுஸ், அந்த நோயாளிக்கென்றே தனி ஸ்டெதாஸ்கோப். தரையைத் துடைக்கும் சாதாரண குவாட்டர்னரி அமோனியம் கரைசல் இதற்குப் போதாது, குளோரின் கலந்தது வேண்டும். பக்கத்து பெட் நோயாளிகளின் அக்குள், தொடை இடுக்கில் ஸ்வாப் எடுத்துப் பாருங்கள். தோலில் மட்டும் இருந்து நோய் இல்லாதவருக்கு மருந்து கொடுக்க வேண்டாம், ஆனால் தனிமைப்படுத்த வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது டிஸ்சார்ஜ் தாளின் மேல் வரியில் எழுதுங்கள். மறைத்து அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

கண்ணும் இதயமும்

2016 கைடுலைன்படி, முதல் வாரத்துக்குள் கண்மணியை விரித்துக் கண் டாக்டர் பார்க்க வேண்டும். நியூட்ரோஃபில் குறைவாக உள்ளவருக்கு அணுக்கள் ஏறிய பிறகு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியோ, அறிகுறி இல்லாத எல்லோருக்கும் வழக்கமாகப் பார்ப்பது தேவையில்லை என்கிறது. இரண்டு பக்கத்துக்கும் வாதம் இருக்கிறது. வென்டிலேட்டரில் மயக்க மருந்தில் கிடப்பவர் "பார்வை மங்குது டாக்டர்" என்று எப்படிச் சொல்வார்? அதனால் நான் கேட்டுவிடுவேன். கண்ணில் தொற்று இருந்தால் சிகிச்சையே மாறும்: எக்கினோகேன்டின் கண்ணுக்குள் சரியாகப் போகாது, மூளைக்கும் சிறுநீருக்கும்கூட அப்படித்தான். மருந்து கொடுக்கும் நாளும் கூடும்.

எக்கோவும் எடுங்கள். செயற்கை வால்வு, விடாத பாசிட்டிவ் கல்ச்சர், இதயத்தில் புதிதாக முர்முர் சத்தம் இருந்தால் உணவுக்குழாய் வழி எக்கோ.

போன் வராத ஈஸ்ட்

சளியில் கேண்டிடா வந்தது என்று மருந்து எழுதாதீர்கள். வென்டிலேட்டரில் இருக்கும் யாருடைய சளியிலும் அது வரும், கேண்டிடா நிமோனியா மிக மிக அபூர்வம். சிறுநீரில் வந்தால் முதலில் கதீட்டரை மாற்றுங்கள் அல்லது எடுங்கள். அறிகுறி இல்லாதவருக்கு மருந்து வேண்டாம். நியூட்ரோஃபில் குறைந்தவர், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனுக்குப் போகிறவர், எடை மிகக் குறைந்த பச்சிளங்குழந்தை ஆகியோர் மட்டும் விலக்கு. எக்கினோகேன்டினைச் சளிக்கு வீணாக்கினால், ரத்தத்தில் வரும் நாளில் அதற்கும் எதிர்ப்பு வளர்ந்திருக்கும்.

பச்சிளங்குழந்தைகள் தனி உலகம். அங்கே ரத்தத்தில் கேண்டிடா என்றால் முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கண் பார்க்க வேண்டும், பழைய வகை ஆம்போடெரிசின்கூட அவர்களுக்கு முதல் வரிசை மருந்து. நியோநேட்டாலஜி சீனியர் இல்லாமல் தொடாதீர்கள்.

மாத்திரைக்கு மாறுதல்

ஐந்து முதல் ஏழு நாளில், மூன்று விஷயமும் சேர்ந்தால் மாற்றலாம்: நோயாளி நிலையாக இருக்கிறார், கல்ச்சர் நெகட்டிவ், பூஞ்சை ஃப்ளூகோனசோலுக்கு அடங்குகிறது. குடல் வேலை செய்தால் மாத்திரையே போதும், வாய் வழியாகக் கொடுத்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரத்தத்தில் சேரும். மாற்றாமல் எக்கினோகேன்டினையே பதினான்கு நாளும் ஓட்டுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்காகவே நோயாளி ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வாரம் கிடப்பார், அதற்காகவே ஒரு லைன் இருக்கும், அந்த லைன் வழியாக அடுத்த தொற்று வரும்.

மாற்றும் முன் மருந்துச் சீட்டை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் இருந்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறும். ஃபெனிட்டாயின், டாக்ரோலிமஸ் அளவு ஏறும். நம்மூரில் மிகச் சாதாரணமான கிளிமிப்பிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஒண்டான்செட்ரான் ஓடிக்கொண்டிருந்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்கிறதா என்று பாருங்கள். டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஃப்ளூகோனசோல் அளவு இறங்கும், காஸ்போஃபன்ஜினும் இறங்கும்.

உங்கள் மருத்துவமனையில் தொற்றுநோய் நிபுணர் இருந்தால் முதல் நாளே கூப்பிடுங்கள், ஏழாம் நாள் சிக்கலான பிறகு அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 2019-இல் வெளியான ஆய்வில், நிபுணர் பார்த்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 29%, பார்க்காதவர்களில் 51%. நிபுணர் கையில் மந்திரம் இல்லை. லைன் எடுத்தாயா, கல்ச்சர் அனுப்பினாயா, எக்கோ எங்கே என்று தினம் வந்து நச்சரிப்பவர் அவர். அவர் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு தாள் இருக்கிறது: ஐரோப்பியக் கூட்டமைப்பு 2018-இல் கொண்டுவந்த ஈக்வல் கேண்டிடா ஸ்கோர். சென்ட்ரல் லைன் உள்ளவருக்கு முழு மதிப்பெண் 22, இல்லாதவருக்கு 19. கல்ச்சர் ரத்த அளவு 3, எக்கினோகேன்டின் 3, 24 மணி நேரத்துக்குள் லைன் எடுத்தல் 3, தினசரி கல்ச்சர் 2 என்று போகும். பிரின்ட் எடுத்துக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள். பத்துக்குக் கீழே இருக்கும் தாளைக் கன்சல்டன்டிடம் நீட்டிப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரத்தில் எக்கோ மெஷின் வந்துவிடும்.

டிஸ்சார்ஜ் தாளில் மூன்று தேதி எழுதுங்கள்: முதல் பாசிட்டிவ், முதல் நெகட்டிவ், கடைசி மாத்திரை. "14 நாளைக்குச் சாப்பிடவும்" என்று மட்டும் எழுதினால், ஐசியூவில் ஓடிய நாளைக் கழிக்காமல் சிலர் கூடுதலாகச் சாப்பிடுவார்கள், நடுவில் மாத்திரை தீர்ந்ததும் சிலர் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகும் மகனிடமோ மருமகளிடமோ தேதியைக் காட்டிச் சொல்லுங்கள். கண் முன்னே பூச்சி பறக்கிற மாதிரி தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, முதுகு விடாமல் வலித்தாலோ, மறுபடி குளிர் காய்ச்சல் வந்தாலோ தெருமுனை கிளினிக்குக்குப் போகாமல் நேரே இங்கே வரச் சொல்லுங்கள், இந்தத் தாளோடு.